எழுபது வளைவும் ஒரு கண்டென்சரும்

பழைய புல்லட்டில் தொலைதூரம் போகப்போகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி, ஒரு நட்டைக்கூட மாற்றாதே, ஒரிஜினலுக்குத்தான் மதிப்பு என்னும். இன்னொரு கட்சி டிஸ்க் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட், ஐந்து கியர், எலக்ட்ரானிக் இக்னிஷன் என்று அடுக்கும். முதல் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் வண்டியை ஞாயிற்றுக்கிழமை துடைப்பவர்கள். இரண்டாம் கட்சிக்காரர்களுக்குப் புது வண்டி வாங்கிக்கொள்வதே மலிவு. 1981 மாடல் 350 புல்லட்டில் அக்கா மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, பங்குனி வெயிலில் சென்னையிலிருந்து கொல்லிமலைக்குக் கிளம்பியபோது இரண்டு தரப்பின் அறிவுரையும் போதுமான அளவு கிடைத்திருந்தது.

வண்டி பிறந்த ஊர் திருவொற்றியூர். புல்லட் என்ற பெயர் 1932லிருந்தே இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு ஆலையில் புழங்கியது. இங்கே ராணுவத்துக்கு வண்டிகள் தேவைப்பட்டன. மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிச்சுடன் கூட்டுச் சேர்ந்து 1955ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். போகப்போக எல்லாமே இங்கேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967ல் மூடப்பட்டது. பத்து வருடம் கழித்து, 1977ல், திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர் என்ற அடிப்படை 2010 வாக்கில்தான் விடைபெற்றது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறாத இன்ஜின் என்றால், அதன் சாமான் கிடைக்காத ஊரும் குறைவு, அதைத் திறந்து பார்த்திராத பழைய மெக்கானிக்கும் குறைவு. நெடுந்தூரம் போகிறவனுக்கு இந்த வண்டியில் இருக்கிற ஒரே ஆடம்பரம் இதுதான். இதைக் கெடுத்துக்கொண்டு செய்கிற எந்த மாற்றமும் எனக்கு மாற்றமாகத் தெரிவதில்லை. உயிருக்கும் வெளிச்சத்துக்கும் வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். மரத்தடி மெக்கானிக் திறந்து பார்த்துக் கையைப் பிசைகிற மாதிரி எதையும் ஆக்கக்கூடாது. இந்தக் கணக்கோடுதான் புதுப்பேட்டைக்குப் போனேன்.

முதலில் மின்சாரம். வண்டி ஆறு வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் விழித்துக்கொள்ளும். எதிரே வருகிற லாரிக்கு அது மோட்டார் சைக்கிளாகவே தெரியாது. ஸ்டேட்டர், ரெக்டிஃபையர், காயில், ஹாரன், பேட்டரி, ஒன்றுவிடாமல் எல்லா பல்பும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறின. பழைய வயரிங்கை உருவியபோது ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருந்தது யாரோ ஒரு புண்ணியவான். இப்போது நான்கு ஃபியூஸ் தனித்தனியாக. அக்கா மகனுக்கு இதில் கிடைத்த லாபம், ஹேண்டில்பாரில் செல்போன் சார்ஜ் போட ஒரு பொத்தல். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறான். இந்த வண்டியில் அவனுக்கு மரியாதை உள்ள பாகம் அது ஒன்றுதான்.

அடுத்தது முன் பிரேக். பழைய ஆறு அங்குல டிரம்மில் ஒரே கேம். அது அழுத்தும்போது ஒரு ஷூ சக்கரம் சுழலும் திசையோடு சேர்ந்து தானாகவே கடிக்கும். மற்றதைச் சுழற்சி தள்ளிவிடும். பாதி பிரேக்தான் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு அங்குலம், இரண்டு கேம் வைத்த டிரம்முக்குச் சக்கரத்தோடு மாறினேன். இரண்டு ஷூவும் கடிக்கும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு, மலையில் வரும்போது சொல்கிறேன்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. இந்த இன்ஜினின் கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேருகிற இடத்தில் பால் பேரிங்கோ ரோலரோ கிடையாது. ஒரு ஃப்ளோட்டிங் புஷ். ஆயில் படலத்தில் மிதந்தபடி சுற்றும். ஐம்பது, அறுபதில் ஊர் சுற்றினால் ஆயுளுக்கும் உழைக்கும். நாற்கர சாலையில் மணிக்கணக்காக விரட்டினால் ஆயில் போதாமல் தேய்ந்து, அடிவயிற்றிலிருந்து டொக் டொக் என்று தட்ட ஆரம்பிக்கும். கிராங்க்கைப் பிரிக்க வேண்டி வந்தபோது ரோலர் பேரிங் உள்ள ராடு போட்டுவிட்டோம். லேத் பட்டறைக்காரர் இரண்டு சக்கரத்தையும் சேர்த்து அழுத்தி, டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்து, செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி ஒரு சுற்று, மறுபடி ஒரு தட்டு என்று ஒரு மத்தியானத்தையே அதில் கரைத்தார். முள் அசைவது நின்ற பிறகுதான் டீக்கு எழுந்தார்.

பெட்ரோல் ஓஸையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் மாற்றியது இப்போதைய பெட்ரோலுக்காக. எத்தனால் கலப்பு இருபது சதவீதத்துக்கு வந்தபின் பழைய ரப்பர் ஊறி இளகிவிடுகிறது. எத்தனால் ஈரத்தையும் இழுப்பதால் டேங்கின் அடியில் துரு சேரும்.

இக்னிஷனை மட்டும் தொடவில்லை. பாயிண்ட் செட் அப்படியே இருந்தது. "இதுதான் மாமா முதல்ல மாத்தணும்," என்றான் பையன். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திண்டிவனம் வரை சொல்வதற்கு ஒன்றுமில்லை. நாற்கர சாலையில் பழைய புல்லட்டுக்கு உரிய இடம் இடது ஓரம், உரிய வேகம் அறுபத்தைந்து. அதற்குமேல் போனால் கண்ணாடியில் தெரிகிற லாரி நான்காகத் தெரியும், அதிர்வு அப்படி. செஞ்சிப் பக்கம் திரும்பியபின்தான் வண்டிக்கும் சாலைக்கும் பேச்சு ஒத்துப்போகிறது. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் இரண்டு பக்கமும் பாறையை அடுக்கி வைத்துக்கொண்டு நிற்க, நான்காவது கியரில், இன்ஜின் ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணி வைப்பதுபோல் போகும். திருவண்ணாமலையில் இட்லி. செங்கம் தாண்டும்போது தார்ச்சாலையில் கானல். ஊத்தங்கரையில் டேங்கைத் தொட முடியவில்லை.

அரூரைக் கடந்து மஞ்சவாடிக் கணவாய் ஏற்றத்தில் வண்டி இரும ஆரம்பித்தது. ஒரு இருமல், ஒரு தயக்கம், சைலன்சரில் ஒரு வெடி. இன்னும் கொஞ்ச தூரத்தில் சுத்தமாக நின்றுவிட்டது. புளியமர நிழலில் தள்ளி நிறுத்தி, வழக்கமான பரிசோதனைகளைப் பார்த்தோம். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தேன், அது இல்லை. ஓஸைக் கழற்றினால் பெட்ரோல் தாராளமாகக் கொட்டியது. பிளக் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். "எத்தனாலா இருக்கும்," என்றான் பையன். அவன் வயதில் எல்லாவற்றுக்கும் புதிதாகக் கேள்விப்பட்டதுதான் காரணம். இன்ஜின் ஆறியதும் ஒரே உதையில் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. சூடேறியதும் பழையபடி இருமல். இப்படியே நின்று நின்று சேலம் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. குளிர்ந்த காலையில் நாமக்கல் வரை ஒரு குறையும் இல்லை.

நாமக்கல்லில் வண்டி நின்றால் கவலைப்படுகிறவன் ஊருக்குப் புதியவன். லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், லேத், வெல்டிங், பட்டை கட்டுகிறவர்கள், ரேடியேட்டர்காரர்கள் என்று ஊரின் பாதி இரும்போடு பிழைக்கிறது. முட்டை ஏற்றுகிற ஒரு லாரி டிரைவர் கை காட்டிய இடத்தில், கூண்டு கட்டும் பட்டறைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில், புல்லட் மட்டும் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். போர்டு இல்லை. மூலையில் ஒரு டாரஸ் நின்றுகொண்டிருந்தது. 325 சிசி டீசல் இன்ஜினோடு வந்த புல்லட் அது, ஆறரைக் குதிரைத்திறன். விவசாயிகளும் பால்காரர்களும் அதை மாட்டைப்போல் உழைக்க வைத்தார்கள். புகைக் கட்டுப்பாடு வந்ததும் தயாரிப்பு நின்றுவிட்டது. பெரியவர் அதை விற்கவும் மாட்டாராம், ஓட்டவும் மாட்டாராம்.

நான் விவரம் சொல்ல ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஸ்டார்ட் பண்ணி விடுங்க தம்பி. அது பாட்டுக்கு ஓடட்டும்."

ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடியது. காற்றில்லாமல் சிலிண்டர் கொதித்தது. எனக்குத்தான் பதறியது. அவர் வந்தபோது வண்டி சரியாக இரும ஆரம்பித்திருந்தது.

"இப்பப் பாக்கலாமுங்க."

சிலிண்டருக்குப் பின்னால், கார்புரேட்டருக்குக் கீழே, ஒரு சின்ன டப்பாவுக்குள் பாயிண்ட் இருக்கிறது. கிளிப்பை நெட்டி மூடியை எடுத்தார். உள்ளங்கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பையனைக் கூப்பிட்டார். "உள்ள பாருங்க. என்ன நெறம்?" பாயிண்ட்டின் இரண்டு உலோகப் புள்ளிகளும் பிரியும் ஒவ்வொரு தடவையும் இடையில் மஞ்சளும் நீலமுமாக நெருப்பு பறந்துகொண்டிருந்தது. நல்ல பாயிண்ட்டில் அங்கே ஒரு சின்னப் பொறி தெரிந்தாலே அதிகம்.

"கண்டென்சர் போச்சு," என்றான் பையன். புத்தகத்தில் படித்தது முதல் தடவையாகக் கண்முன் எரிந்துகொண்டிருந்தது. பாயிண்ட் திறக்கிற கணத்தில் மின்னோட்டம் அந்த இடைவெளியைத் தாவப் பார்க்கும். கண்டென்சர் அதை வாங்கி வைத்துக்கொண்டால்தான் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து பிளக்குக்கு வலுவான பொறி போகும். கண்டென்சரின் உள் காப்பு சூட்டில் பலவீனமானால் பிளக்குக்குப் போக வேண்டியது பாயிண்ட்டிலேயே எரிந்துபோகும். ஆறினால் காப்பு மறுபடி பிடித்துக்கொள்ளும். மஞ்சவாடியிலிருந்து எங்களை அலைக்கழித்தது இவ்வளவுதான்.

பெரியவர் பழைய கண்டென்சரைக் கழற்றி வீசிவிட்டுப் புதியதை அதே இடத்தில் போடவில்லை. அதில்தான் அவர் யார் என்று தெரிந்தது. கார் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிற தடித்த கண்டென்சர் ஒன்றை ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்தார். நீள வயர் ஒன்றைப் பற்றவைத்து, ரப்பர் குழாய்க்குள் நுழைத்து, கண்டென்சரை மேலே காயிலுக்குப் பக்கத்தில், காற்றுப் படுகிற இடத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினார். அதன் உடல் பிரேமில் நன்றாக எர்த் ஆகவேண்டும் என்று அந்த இடத்துப் பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிய வைத்தார். பாயிண்ட் முகத்தையும் லேசாக உரசி, கேஜை நுழைத்து இடைவெளி வைத்தார். "அந்தச் சூட்டு டப்பாக்குள்ள இத வெச்சவன் லண்டன்ல இருந்தானுங்க. அங்க குளிரு," என்றார்.

ரிப்பேர் எங்கே முடிகிறது, மேம்படுத்துவது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் எனக்கு அந்த ஸ்க்ரூதான் நினைவுக்கு வரும். கம்பெனி வைத்த இடத்தைவிட நல்ல இடம். அடுத்த ஊர் மெக்கானிக்குக்கும் பார்த்ததும் விளங்கும்.

இந்தத் திருப்தியில், "அதுக்குத்தான் அண்ணே நான் பாயிண்ட்டையே வெச்சிருக்கேன், எலக்ட்ரானிக் போடல," என்றேன். பெரியவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தது நிஜம்.

"ஏனுங்க? போட்டுக்க வேண்டியதுதானே. என் பையன் வண்டில போட்டு வெச்சிருக்கேன். ரெண்டு மழை, ரெண்டு வெயில் பாத்தாச்சு, தொட்டதில்ல."

பின்னால் பையனின் சிரிப்புச் சத்தம்.

நான் என் தரப்பைச் சொன்னேன். பாயிண்ட் சாகும்போது இருமிச் சொல்லிவிட்டுச் சாகிறது, தேய்த்தால் ஊர் வரை இழுத்து வரலாம். எலக்ட்ரானிக் யூனிட் நின்றால் நின்றதுதான், திறந்தால் உள்ளே கறுப்புப் பிசின். அவர் மறுக்கவில்லை. "அப்ப ரெண்டும் வெச்சுக்குங்க. ஒண்ணு வண்டில, ஒண்ணு டூல்பாக்ஸ்ல," என்றார். உழைப்பில் வாழ்கிறவர்களுக்குப் பழசின் மீது நமக்கிருக்கிற உருக்கமெல்லாம் கிடையாது. எது குறைவாகத் தொந்தரவு செய்கிறதோ அது நல்லது. ஆனாலும் நான் மாற்றவில்லை, இன்றுவரை.

கூலி வாங்கியபின், "மலை ஏறறீங்களா?" என்று கேட்டார். பக்கத்துப் பட்டறையில் கூண்டு கட்டி மிஞ்சிய மரத்துண்டு ஒன்றை எடுத்து, ரம்பத்தால் சரிவாக அறுத்து, ஆணியடித்துக் கயிறு கட்டிக் கொடுத்தார். லாரி கிளீனர்கள் ஏற்றத்தில் சக்கரத்துக்குப் போடுகிற கட்டையின் குட்டி வடிவம். "பையன் கைல இருக்கட்டும்."

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, பிறகு காரவள்ளி. அடிவாரத்திலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. முதல் பத்து விளையாட்டு. இருபதுக்குமேல் இரண்டாவது கியருக்கும் முதல் கியருக்கும் நடுவே கால் ஓயாது. இந்த வண்டியில் கியர் வலது காலில், மேலே ஒன்று கீழே மூன்று; பிரேக் இடது காலில். நெடுஞ்சாலைக்கு உதவும் என்று கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டச் சொன்னவர்கள் பலர். கூட்டாமல் விட்டதன் அருமை இங்கே ஒவ்வொரு வளைவிலும் தெரிந்தது. இரண்டு ஆள் பாரத்தோடு, ஆள் நடக்கிற வேகத்தில், கிளட்சை நழுவவிடாமல் ஏறியது.

நாற்பதைத் தாண்டிய ஒரு வளைவில் மேலிருந்து அரசுப் பேருந்து இறங்கியது. மலையில் ஏறுகிறவருக்குத்தான் வழி என்பது விதி. பேருந்துக்கு விதி வேறு. சரிவில் ஓரமாக நின்றேன், இரண்டாவது கியரிலேயே இன்ஜின் அணைந்தது. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தும் வண்டி பின்னோக்கி நழுவியது. முன்பு சொன்ன சூட்சுமம் இதுதான். இரண்டு கேம் பிரேக்கில் இரண்டு ஷூவும் கடிப்பது சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது மட்டும். பின்னோக்கிச் சுழன்றால் இரண்டையுமே சுழற்சி தள்ளிவிடும். பழைய ஒற்றைக் கேமாவது அப்போது ஒரு ஷூவை மிச்சம் வைக்கும். இடது காலால் பின் பிரேக்கை மிதித்து, வலது காலைத் தரையில் ஊன்றி நிறுத்தினேன். ஆனால் உதைக்கவும் அதே வலது கால்தான் வேண்டும்.

"கட்டை!" என்று கத்துமுன் பையன் குதித்திருந்தான். பின் சக்கரத்துக்குக் கீழே கட்டை போய் உட்கார்ந்தது.

அதன்பிறகு நிதானம். கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கிற நியூட்ரல் பைண்டரைக் குதிகாலால் அழுத்தினேன். கிக்கரை மெதுவாக இறக்கினால் ஆம்பியர் மீட்டரில் முள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பாயிண்ட் திறக்கிற இடத்தில் சட்டென்று நடுவுக்கு வரும். அங்கே டீகம்ப்ரஷரைப் பிடித்து ஒரு விரற்கடை தள்ளி, விட்டுவிட்டு, முழு உடம்பையும் கொடுத்து ஒரு உதை. எழுந்தது. பேருந்து டிரைவர் இவ்வளவையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கையை உயர்த்திக் காட்டி இறங்கிப் போனார். பையன் கட்டையை உருவிக்கொண்டு, அடுத்த வளைவு வரை ஓடிவந்து ஏறினான். இன்ஜின் மஞ்சவாடியைவிட அதிகமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு இருமல்கூட இல்லை.

சோளக்காட்டில் வெயிலின் கூர்மை போய்விட்டது. மிளகுக் கொடி ஏறிய மரங்கள், காபி, சாலையோரத்தில் குவித்து வைத்த அன்னாசி, பலா. செம்மேட்டில் வல்வில் ஓரி வில்லோடு குதிரைமேல் இருக்கிறார். கடையெழு வள்ளல்களில் ஒருவர். இந்த மலையை ஆண்டவர். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் போய்வந்தோம்; அருவிக்கு இறங்குகிற படிக்கட்டுகள் என் முழங்காலிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே இடமில்லை.

மறுநாள் காலை, வண்டி முழுதும் ஆறியிருந்தபோது, டேப்பெட் பார்த்தேன். இதற்குச் சூடில்லாத இன்ஜின்தான் வேண்டும். வலது பக்கம் சிலிண்டரின் அடியில் ஒரே நட்டில் நிற்கிற சின்ன மூடி. திறந்தால் இரண்டு புஷ் ராடும் தெரியும். பிஸ்டன் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில், புஷ் ராடை இரண்டு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் அசையக்கூடாது. இடைவெளி பூஜ்யம். கேஜுக்கு வேலையில்லை, விரலுக்குத்தான். எக்ஸாஸ்ட் பக்கத்து ராடு கொஞ்சம் இறுகியிருந்தது. மூன்று ஸ்பேனரை ஒரே சமயத்தில் பிடிக்க இரண்டு கை போதாது. பையன் ஒன்றைப் பிடித்தான். நட்டை இறுக்கினால் கணக்குக் கொஞ்சம் மாறும். தளர்த்தி, மறுபடி வைத்து, மறுபடி இறுக்கி. "நீயே சுத்திப் பாரு," என்றேன். சுற்றினான். மேலே தூக்கிப் பார்த்தான். மறுபடி சுற்றினான். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளாமல் அவன் செய்த முதல் வேலை அது.

இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விட்டுப் பிடித்தோம். டிரம் பிரேக் தொடர்ந்து பிடித்தால் சூடேறி வழுக்கும். இன்ஜினை மூச்சுப் பிடிக்கவிட்டு, வளைவுக்கு முன்னால் மட்டும் தொட வேண்டும். காரவள்ளியில் டிரம்மின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், சுள்ளென்று ஆவியானது, ஆனால் லீவர் அப்போதும் பாதியிலேயே நின்றது.

அங்கிருந்து சமவெளி. நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பையனிடம் வண்டியைக் கொடுத்தேன். நன்றாகத்தான் போனான், காளப்பநாயக்கன்பட்டி ஸ்பீட் பிரேக்கர் வரை. புது வண்டியில் பழகிய வலது கால் பழக்கத்தில் பிரேக்கைத் தேடி ஓங்கி மிதித்தது. வலது பக்கத்தில் இருப்பது கியர். கீழே மிதித்தால் அடுத்த கியர். மூன்றிலிருந்து நான்குக்குப் போய், கொஞ்சமும் வேகம் குறையாமல், சீட்டை விட்டு இருவருமே எழும்பி ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டினோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர் எங்கள் இருவரின் பரம்பரையையும் சேர்த்து வைது முடிக்கும்வரை பையன் வண்டியை நிறுத்தவில்லை.

ஊர் எல்லையில் ஓரங்கட்டினான்.

"மாமா, இந்தக் கியரை இடது பக்கம் மாத்த எவ்வளவு ஆகும்?"

"புதுப்பேட்டைல கிட் கிடைக்குது."

"மாத்துவீங்களா?"

"மாட்டேன். எறங்கு, நான் ஓட்டறேன்."